பத்தடி கேபிள்

லிஃப்டில் முதுகுப்பையைப் பார்த்து
கிட்டாரா என்று கேட்பார்கள்.
ஆமாம் என்றே சொல்லிவிடுகிறேன் இப்போதெல்லாம்.
பேஸ் என்றால் விளக்க வேண்டும்,
விளக்கி முடிப்பதற்குள் ஏழாம் மாடி வந்துவிடும்.

பட்டர்வொர்த்தில் சோங் ஹாயிடம் வாங்கியது.
நானூற்று எண்பது வெள்ளி, மூன்று தவணை.
கடைசித் தவணையில் இருபது வெள்ளி இன்னும் பாக்கி,
அவனும் கேட்கவில்லை.
பின்பலகையில் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள்
லிண்டா என்று.
கல்யாணமான புதிதில் ஷாமினி அதைத் தடவிப் பார்த்து
யார் இவள் என்றாள்.
உனக்கு முன்னால் வந்தவள் என்று சொல்லித் தொலைத்தேன்.
அந்த வாரம் முழுக்க மெகி.

அதே மெகிச் சட்டியில்தான்
செத்த கம்பிகளை வேகவைப்பேன்.
பத்து நிமிடம், ஒரு மூடி வினிகர்.
புதுசு என்றால் நூற்றிருபது வெள்ளி.
வெந்த கம்பி மூன்று வாரம் கணகணக்கும்,
பிறகு பழையபடி
ஈரச் சாக்கை உதறுகிற சத்தம்.

நான்கில் தடித்த கம்பிக்கு ஈ என்று பெயர்.
பறக்கிற ஈ இல்லை, இது இடத்தைவிட்டு நகராது.
கொடு என்று பொருள்படும் ஈயாக இருக்கலாம்.
கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது,
யார் வாங்குகிறார்கள் என்று தெரியவில்லை.

மழை மாதங்களில் அதன் கழுத்து வளையும்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
சிப்புகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக்
காற்சட்டைப் பையில் கடத்திவந்து
உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.
ஆம்ப் பதினைந்து வாட்.
சில இரவுகளில் அதற்குள்ளிருந்து ஒரு டாக்சிக்காரன் பேசுவான்,
ஜெலுத்தோங்கில் ஆள் ஏறவில்லை என்று.

முதல் குழுவில் ஐந்து பேர்,
நான்கு பேருக்குப் பாட ஆசை.
இரண்டாவதை லீட் கிட்டார்க்காரன்
மிக்சரோடு சேர்த்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விட்டான்.
மூன்றாவதுதான் நின்றது.
குணசீலன் டிரம்ஸ், அஸ்ருல் கிட்டார், கீபோர்டில் மெர்சி,
பாடுவது வசந்தமாறன், தொண்டை சரியாக இருக்கிற நாட்களில்.
ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்தில்
அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு ஒரே சுரத்தைப்
பன்னிரண்டு நிமிடம் உருட்டினேன்.
வாஷிங் மெஷினை வென்றவர்
கழிவறையில் இருந்தார்.

போன மாதம் பிறையில் ஒரு கல்யாணம்.
இரண்டாவது பாட்டில் கேபிள் செத்தது.
உதறினேன், திருகினேன், செருகினேன். ஒன்றுமில்லை.
மாற்றுக் கேபிள் வீட்டில் துணி காயப்போடும் கொடியாக இருந்தது.
மேடையைவிட்டு இறங்கினால் வீடியோவில் விழும்.
அதனால் வாசித்தேன்.
நாற்பது நிமிடம், ஒரு சுரம் பிசகாமல்,
தலையைக்கூட ஆட்டினேன்.
மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடினார்கள்.
பெண்ணின் சித்தப்பா கட்டைவிரலை உயர்த்தினார்.
நூற்றைம்பது வெள்ளி கையில் வந்தது,
பிரியாணியும் கட்டிக் கொடுத்தார்கள்.

லோரியில் யாரும் எதுவும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போக
மடியில் பிரியாணி சுட்டது.
பதினான்கு வருடத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.
எத்தனை இரவு கேட்டிருக்கும், எத்தனை இரவு கேட்டிருக்காது.
விற்றால் முந்நூறு தேறும், லிண்டாவோடு.

மறுநாள் பசியாறிக்கொண்டிருந்தபோது
குணசீலன் அழைத்தான்.
வலது கணுக்கால் வீங்கிவிட்டதாம்.
கிளச் மிதிக்கவில்லை, மாடி ஏறவில்லை,
நேற்று மிதித்த மிதியில்தான் என்றான்.
உன் சத்தம் நின்ற இடத்தில் ஒரு பள்ளம்டா,
பாட்டு முழுக்க அதை நான்தான் காலால் நிரப்பினேன்.
பிறகு கெட்ட வார்த்தை ஒன்று.
பிறகு, ஒழுங்காக ஒரு கேபிள் வாங்கு.

சாயங்காலமே போனேன்.
இருபதடி அறுபத்தெட்டு வெள்ளி,
பத்தடி முப்பத்தைந்து.
இருபதடி என்றால் மேடையின் முன்னால்வரை போகலாம், அண்ணே,
என்றான் கடைப்பையன்.

பத்தடி போதும் தம்பி.
அவன் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.